ஊஞ்சல் வேண்டாமென்ற கடிதம் என்னுடையது

சுற்றிவளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதிப் பூங்காவில் பழைய விளையாட்டுக் கருவிகளை அகற்றிப் புதியவை போட்டபோது, புதியவற்றில் ஊஞ்சல் இல்லாமல் போனது என்னால்தான். ஊஞ்சல் வேண்டாமென்று மாநகராட்சிக்குக் கடிதம் எழுதியவன் நான். பாதுகாப்பு என்று அதில் காரணம் காட்டியிருந்தேன். அடுத்த தெருவிலுள்ள வாரியக் குடியிருப்புப் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது நிற்க வேண்டும் என்பதே என் நோக்கம். நினைத்தபடியே நடந்தது.

நான் சென்னையில் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிப்பது என் வேலை. எங்கே என்ன குறை இருந்தால் பொறுப்பு யார் தலையில் விழும் என்பதைக் காகிதத்தில் நிறுவும் பழக்கம் அதில் வந்தது. ஓய்வுக்குப் பிறகு குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர் ஆனேன். தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால் என்று அந்தப் பழக்கம் பல நல்ல காரியங்களுக்கு உதவியது. பூங்கா விஷயத்தில் அதையே தீங்குக்குப் பயன்படுத்தினேன்.

பழைய கருவிகள் உண்மையிலேயே மோசமான நிலையில் இருந்தன. என் கடிதத்துக்குப் பலம் கொடுத்ததே இந்த உண்மைதான் என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரும்புச் சறுக்கு மரத்தின் தகடு அடிப்பகுதியில் துருப்பிடித்துப் பிளந்திருந்தது. மே மாதத்து மாலை வெயிலில் அதில் தொடை பட்டால் தோல் பொசுங்கும். ராட்டினத்தின் பேரிங் தேய்ந்து, சுற்றும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையில் உரசியது. சீசாவின் ஒரு முனையில் கைப்பிடி இல்லை. ஊஞ்சல் சங்கிலியைத் தாங்கும் கொக்கிகள் பாதியாக மெலிந்திருந்தன. ஒரு காலத்தில் கொட்டிய மணல் மழையில் அடித்துக்கொண்டு போய், மண் கெட்டித்து, கருவிகளை நட்ட கான்கிரீட் கட்டைகள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன.

விழுகிற குழந்தைக்கு எவ்வளவு அடிபடும் என்பதைப் பெரும்பாலும் தரைதான் தீர்மானிக்கிறது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பொது விளையாட்டுத் திடல்களுக்கென்று ஒரு கையேடு வைத்திருக்கிறது. 1981-இல் முதலில் வெளிவந்து, பிறகு பலமுறை திருத்தப்பட்டது. 9 அங்குல ஆழத்துக்கு மணல் இருந்தால் 4 அடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும், அதே ஆழத்துக்கு மரச்சில்லுகள் இருந்தால் 10 அடி வரை தாங்கும் என்று அதில் அட்டவணை இருக்கிறது. கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மூன்றரை அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்டதாக இருக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அது. எங்கள் சறுக்கு மரத்தின் மேல்தட்டில் கம்பிகளுக்கு நடுவே 6 அங்குலம் இருந்தது. எல்லாவற்றையும் அளந்தேன், படம் எடுத்தேன், கடிதத்தோடு இணைத்தேன். அந்த அளவில் கடிதம் நேர்மையானது. பழையவற்றை எடுத்தே ஆக வேண்டியிருந்தது.

அவற்றில் விளையாடியவர்கள் யார் என்பதை மட்டும் கடிதத்தில் எழுதவில்லை.

எங்கள் தெருவின் அடுக்ககங்களில் பிள்ளைகள் குறைவு. இருப்பவர்களுக்கும் பாட்டு, கராத்தே, டியூஷன் என்று மாலை முழுக்க வகுப்புகள். பூங்காவை நிறைத்தவர்கள் அடுத்த தெருப் பிள்ளைகள். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் கட்டிய பழைய குடியிருப்பு அது. 2021-இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது. எங்கள் சங்கத்தில் அந்த இடத்தை நாங்கள் சொன்ன பெயர்களை இங்கே எழுத மாட்டேன். 300 சதுர அடிகூட இல்லாத வீடுகள். விளையாட மாடிப்படியையும் பைக் நிறுத்தும் சந்தையும் விட்டால் வேறு இடமில்லை. பூங்கா கேட் திறப்பதற்கு முன்பே வாசலில் வந்து நிற்பார்கள்.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் புகார்கள் வந்தபடி இருந்தன. கூச்சல் போடுகிறார்கள், கெட்ட வார்த்தை பேசுகிறார்கள், ஊஞ்சலில் நின்றுகொண்டு ஆடுகிறார்கள், நம் பிள்ளைகளுக்கு முறை வருவதே இல்லை. இவற்றில் சில உண்மை. பெரிய பிள்ளைகள் ஊஞ்சலை விடாமல் ஆடும்போது நான்கு வயதுக் குழந்தையோடு ஒரு தாய் காத்து நின்று திரும்பிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். சிறு குழந்தைகளுக்கென்று தனியாகத் தொட்டில் ஊஞ்சல் ஒன்று போட்டு, பெரியவர்களில் யாராவது மாலையில் அரை மணி நேரம் நின்று முறை பார்த்து விட்டிருந்தால் அந்தக் குறை தீர்ந்திருக்கும். அதை நான் யோசிக்கக்கூட இல்லை. எனக்குத் தீர்வு வேண்டியிருக்கவில்லை.

என் பேத்தி ஒரு மாலை அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியோடு மாறி மாறி ஊஞ்சலைத் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லி அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். மற்ற நாள்களில் பூங்காவிலிருந்து வந்தால் நான் அப்படிச் சொன்னதில்லை. அந்த அருவருப்பு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அது சாதி. வெளியில் கேட்டவர்களிடம் 'சூழல் சரியில்லை' என்று சொன்னேன். எனக்குள்ளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். என் தகப்பனார் அந்தக் காலத்தில் கிணற்றடியில் வெளிப்படையாகச் செய்ததை நான் பூங்காவில் மனுப் போட்டுச் செய்தேன்.

ஊஞ்சலை ஏன் குறிவைத்தேன் என்றால், பெரிய பிள்ளைகளை இழுப்பது அதுதான். சறுக்கு மரம் ஏழெட்டு வயதோடு சலித்துவிடும். ஊஞ்சல் பதினைந்து வயதிலும் சலிக்காது. ஊஞ்சல் போனால் அவர்களும் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

கையேட்டில் அதற்கு வழி கிடைத்தது. ஊஞ்சல் தொங்கும் கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு நீளத்தை முன்னாலும் பின்னாலும் காலியாக விட வேண்டும். 8 அடி உயரம் என்றால் முன்னால் 16 அடி, பின்னால் 16 அடி. விதி சரியானது, அவசியமானதும்கூட. ஆடுகிறவன் தாவிக் குதித்தாலும், குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தாலும் அந்த இடம்தான் காப்பாற்றும். பழைய ஊஞ்சல் இருந்த இடத்தில் அவ்வளவு நீளம் இல்லை என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் எழுதிவிட்டு, "எனவே இப்பூங்காவில் ஊஞ்சல் அமைக்க இடமில்லை" என்று முடித்தேன். பூங்காவின் மற்ற பகுதிகளை நான் அளக்கவே இல்லை. ஊஞ்சல்களை மற்றக் கருவிகளோடு சேர்க்காமல், நடமாட்டத்திலிருந்து விலக்கி, திடலின் ஓரமாக அமையுங்கள் என்று அதே கையேடு வழியும் சொல்கிறது. அந்தப் பக்கத்தை நான் நகலெடுக்கவில்லை. விபத்து நேர்ந்தால் முழுப் பொறுப்பும் மாநகராட்சியையே சாரும் என்ற வரியைத் தனிப் பத்தியாக எழுதினேன். அந்த வரிக்கு என்ன பலன் கிடைக்கும் என்பது என் தொழிலில் கற்றது.

எஸ்டிமேட் போட ஓர் இளம் பொறியாளர் வந்தார். டேப்பைப் பிடித்துக்கொண்டு பூங்கா முழுக்க நடந்தார். பிறகு என்னிடம் வந்து, "சார், தெற்குச் சுவர் ஓரமா நாப்பது அடிக்கு மேல இருக்கு. அந்தப் பக்கம் யாரும் நடக்கறதும் இல்ல. ரெண்டு ஊஞ்சல் தாராளமா போடலாம் சார்" என்றார்.

"அங்க எட்டு போடுற பாதை வரணும் தம்பி. சீனியர் சிட்டிசன்ஸ் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்காங்க" என்றேன்.

யாரும் கேட்டிருக்கவில்லை. எட்டு வடிவப் பாதை அப்போது நகரின் பல பூங்காக்களில் வந்துகொண்டிருந்ததால் சட்டென்று வாயில் வந்தது. அன்று மாலையே நடைப்பயிற்சிக்கு வந்தவர்களிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினேன். எங்கே வரப்போகிறது, எதற்குப் பதிலாக வரப்போகிறது என்று நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. பொறியாளர் மறுமுறை வந்தபோது அந்தத் தாளைக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கோப்பில் வைத்துக்கொண்டார். கொஞ்ச காலத்தில் அவருக்கு வேறு மண்டலத்துக்கு மாறுதல் வந்தது.

புதிய திடல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வண்ண வண்ண ஃபைபரில் படிக்கட்டும் சின்னச் சறுக்கும் சேர்ந்த ஒரே கருவி. சுருள்கம்பியின் மேல் ஆடும் இரண்டு குதிரைகள். கீழே ரப்பர் தளம். ஒரு பக்கம் ஓபன் ஜிம். தெற்குச் சுவர் ஓரம் கூழாங்கல் பதித்த எட்டுப் பாதை. விளையாடும் இடத்தின் பரப்பு பழையதில் பாதிகூட இல்லை. "12 வயதுக்கு மேற்பட்டோர் பயன்படுத்தக் கூடாது" என்று ஒரு பலகையும் வைக்கச் செய்தேன். கருவிகளை எந்த வயதுவரைக்கும் எண்ணி வடிவமைப்பது என்பதற்காகக் கையேட்டில் இருந்த எண் அது. ஆளைத் தடுக்கும் எண்ணாக அதை மாற்றியது நான். திறப்பு விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன்.

பையன்கள் முதலில் சில நாள் வந்து பார்த்தார்கள். பிறகு ரயில் பாதைக்கு அந்தப் பக்கமுள்ள காலி மனையில் கிரிக்கெட் ஆடப் போய்விட்டார்கள். சிறு குழந்தைகளும் மெல்லக் குறைந்தார்கள். அவர்களை அழைத்து வந்ததே அக்காக்கள்தான். அக்காக்களுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

பெண் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதைத்தான் நான் வெகுகாலம் கவனிக்கவில்லை. 13, 14 வயதில் நாலைந்து பேராகச் சேர்ந்து வருவார்கள். இருவர் ஊஞ்சலில் உட்கார, மற்றவர்கள் தூணில் சாய்ந்துகொண்டு பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த வயதில் வீட்டை விட்டு வெளியே வந்து, யாருக்கும் எந்த வேலையும் செய்யாமல் சற்று நேரம் இருப்பதற்கு அவர்களுக்கு இருந்த ஒரே இடம் அது. பையன்களுக்குக் காலி மனை கிடைத்தது. பெண் பிள்ளைகளுக்கோ மாற்று இடம் எதுவும் கிடைக்கவில்லை. வராமல் போனவர்களைப் பற்றி எந்தப் புகாரும் வராது என்பதால், பிரச்சினை தீர்ந்தது என்று சங்கக் கூட்டத்தில் அறிவித்தேன்.

பின்னாளில் படித்த ஒரு செய்தி என்னை உலுக்கியது. வியன்னா நகரில் 1990-களில் நடந்த ஓர் ஆய்வு, ஒன்பது வயதைத் தாண்டியதும் பெண் பிள்ளைகள் பூங்காக்களுக்கு வருவது வெகுவாகக் குறைவதையும், பையன்களிடம் அப்படிக் குறையாததையும் காட்டியது. நகராட்சி அதை அப்படியே விட்டுவிடவில்லை. மார்கரெட்டன் வட்டாரத்தில் இரண்டு பூங்காக்களை 1999-இல் திருத்தி அமைத்தார்கள். பையன்கள் பந்தாடி ஆக்கிரமித்த பெரிய திறந்த வெளியைச் செடிகளாலும் பாதைகளாலும் சிறு சிறு இடங்களாகப் பிரித்தார்கள். வாலிபாலும் பாட்மிண்டனும் ஆட இடம் செய்தார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஒரு நகரம் செலவு செய்து யாரைத் திரும்ப அழைத்ததோ, அந்த வயதுப் பிள்ளைகளை என் நகரத்தைச் செலவு செய்ய வைத்து நான் வெளியே அனுப்பியிருக்கிறேன்.

இதைவிட ஒரு கேவலமான காரியமும் செய்தேன். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்திலிருந்து தமிழகத்தின் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. எங்கள் பகுதியில் நடந்த ஒரு கூட்டத்தில் வாரியக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் எழுந்தார்.

"பழசு ஆபத்துன்னு எடுத்தீங்க, சரி சார். புதுசுல ஏன் ஊஞ்சல் இல்ல? எம் பொண்ணு கேட்டுக்கினே இருக்கா."

அதிகாரி கோப்பைப் புரட்டிப் பார்த்தார். "இடம் பத்தாதும்மா. ஊஞ்சல்னா முன்னாடி பதினாறு அடி, பின்னாடி பதினாறு அடி விடணும். பாதுகாப்பு விஷயம் பாருங்க. சங்கத்துலயே எழுதிக் குடுத்திருக்காங்க."

என் வரிகளை அவர் நல்லெண்ணத்தோடு படித்துச் சொன்னார். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தெற்குச் சுவர் ஓரம் இடம் இருக்கிறது என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான். எழுந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அந்தப் பெண், "பிள்ளைங்களுக்கு ஆபத்துன்னா வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தன் மகளின் நலனுக்காகத்தான் ஊஞ்சலை எடுத்தார்கள் என்று அவர் நம்பிவிட்டார். நான் செய்தவற்றில் என்னை இன்றும் தூங்கவிடாமல் செய்வது அந்த நம்பிக்கையை அனுபவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான்.

கடிதங்களில் நான் "எங்கள் சங்கப் பூங்கா" என்றே எழுதிவந்தேன். பூங்கா எங்களுடையது அல்ல. மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கியபோதே தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்த நிலம் அது. தமிழ்நாட்டில் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்ற விதி ஊர் முழுவதற்கும் பொதுவான இடம் வேண்டுமென்பதற்காக வந்தது. பூங்காவும் விளையாட்டுத் திடலும் அமைத்துத் தருவது நகராட்சிகளின் பணிகளில் ஒன்று என்று அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை சொல்கிறது. 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு விளையாடுவதைக் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா அதில் 1992-இல் சேர்ந்தது. சட்டம் தெரியாமல் நான் தவறு செய்யவில்லை. கோரிக்கைகளை மறுப்பதற்குச் சட்டத்தைப் புரட்டிப் புரட்டியே வயதானவன் நான். ஒரு குழந்தைக்கு என்ன சேர வேண்டும் என்பதைப் பார்க்க மட்டும் அதைத் திறக்கவில்லை.

சங்கத்தின் செயற்குழுவில் எல்லாவற்றையும் சொன்னேன். சிலர் கோபப்பட்டார்கள். சிலர், பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள், இப்போது அமைதியாகத்தானே இருக்கிறது என்றார்கள். அந்த அமைதி யாரை வெளியே தள்ளி வாங்கியது என்று கேட்டேன். செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினேன். முதல் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகவும், தெற்குச் சுவர் ஓரம் போதிய இடம் இருப்பதாகவும், கையெழுத்துகள் எப்படி வாங்கப்பட்டன என்பதையும் எழுதி மாநகராட்சிக்கு மறு கடிதம் கொடுத்தேன். 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுமக்கள் பங்குத்தொகை கட்ட வேண்டியிருந்தால் அதை நான் தருவதாகவும் சொல்லியிருக்கிறேன். ஊஞ்சல் இன்னும் வரவில்லை. அடுத்த எஸ்டிமேட்டில் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். கூட்டத்தில் கேட்ட அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. "எம் பொண்ணு இப்ப பெரியவளாயிட்டா சார்" என்று மட்டும் சொன்னார். அவருடைய மகளுக்கு நான் திருப்பித் தருவதற்கு ஒன்றுமில்லை.

இதை நான் அச்சில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் கடிதம் எங்கள் பூங்காவோடு நிற்கவில்லை. திறப்பு விழாவுக்குப் பிறகு வேறு பகுதிச் சங்கத்தினர் சிலர், இவ்வளவு விரைவாகக் காரியம் நடந்தது எப்படி என்று கேட்டு, கடிதத்தின் நகலை வாங்கிப் போனார்கள். பெருமையோடு கொடுத்தேன். அவர்கள் வேறு யாருக்கெல்லாம் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பழைய திடல்களைப் புதுப்பிக்கும் வேலை நகரெங்கும் நடக்கிற காலம் இது. என் வரிகள் எந்தெந்தக் கோப்புகளில் உட்கார்ந்திருக்கின்றனவோ.

அந்த நகல் கையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். அதிலுள்ள அளவுகள் சரியானவை, வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்தியைக் கிழித்துவிடுங்கள். தேய்ந்த கொக்கியை மாற்றுங்கள், துருத்தி நிற்கும் கான்கிரீட்டை எடுங்கள், மணலைக் கொட்டி ஆண்டுதோறும் நிரப்புங்கள். ஊஞ்சலுக்கு 32 அடி வேண்டுமென்றால் பூங்கா முழுவதையும் அளந்து அந்த 32 அடியைத் தேடுங்கள். நடைபாதை குறுக்கே வந்தால் நடைபாதையை வளைத்துப் போடுங்கள், பெரியவர்களாகிய நாம் இரண்டு எட்டு சுற்றிப் போகலாம். எஸ்டிமேட் போடுவதற்கு முன்பு, மாலையில் அங்கே விளையாடுகிற பிள்ளைகளிடம் போய்க் கேளுங்கள். அவர்களின் பெற்றோர் சங்கத்தில் சந்தா கட்டியவர்களா என்று பார்க்காதீர்கள். எதையாவது ஆபத்து என்று எழுதப்போகும்போது, அதை எடுத்தால் யார் வராமல் போவார்கள் என்று ஒரு முறை யோசியுங்கள். அந்தப் பதில் உங்களுக்குள் நிம்மதியைத் தந்தால் கடிதத்தை எழுதாதீர்கள்.